தலைக்கு நாற்பது ரூபாய்

டெல்லியின் தூதரகப் பகுதிக்குப் பெயர் சாணக்யபுரி. அங்கே வைகை தமிழ்நாடு இல்லம் இருக்கும் சாலைக்குப் பெயர் கௌடில்யா மார்க். அரசுப் பணத்தைக் கையாடும் வழிகள் நாற்பது என்று எண்ணிச் சொன்ன அர்த்தசாஸ்திரம், மருத்துவரையும் விட்டுவைக்கவில்லை. நோய் உயிருக்கு ஆபத்தானது என்று முன்கூட்டியே தெரிவிக்காமல் சிகிச்சை தொடங்கி, நோயாளி இறந்தால் ஒரு தண்டம். மருத்துவரின் செயற்பிழையால் இறந்தால் அதனினும் பெரிய தண்டம். நோயாளியின் நலனோடு மருத்துவரின் நலனைப் பிணைக்கும் முயற்சி அத்தனை பழையது. அன்று பிணைத்த கயிறு அபராதம், இன்று ஊதியம்.

அந்தக் கயிற்றின் வலிமையை அறிய இதே நகரம் போதும். 2015இல் டெல்லி அரசு மொஹல்லா கிளினிக்குகளைத் தொடங்கியது. மருத்துவருக்கு மாதச் சம்பளம் இருக்கவில்லை. பார்க்கும் நோயாளி ஒருவருக்கு முதலில் 30 ரூபாய், பின்னர் 40. நோயாளிக்குச் செலவு இருக்கவில்லை. இம்முறைக்கு நியாயம் இல்லாமலில்லை. டெல்லி மருத்துவர்களை ஆராய்ந்த ஜிஷ்ணு தாஸும் ஜெஃப்ரி ஹாமரும், அரசுப் பணியிலுள்ளோர் தமக்குத் தெரிந்ததைக்கூடச் செய்வதில்லை என்று 2007இல் காட்டினர். பின்னர் மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஆய்வில், நோயாளி வேடமிட்டவர்கள் ஒரே மருத்துவரை அவரது அரசுப் பணியிடத்திலும் சொந்த கிளினிக்கிலும் சந்தித்தனர். கேள்வி கேட்பதிலும் சரியான சிகிச்சை தருவதிலும் சொந்த கிளினிக்கே மேலாக இருந்தது. அதே மனிதர், அதே படிப்பு. மாறியது பணம் வரும் வழி.

ஆனால் சொந்த கிளினிக்கில் திருப்தியடையாத நோயாளி அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். கூடுதல் கவனத்துக்குக் கூடுதல் கட்டணமும் கேட்கலாம். மொஹல்லா கிளினிக்கில் இவ்விரண்டும் இருக்கவில்லை. பத்து நிமிடம் பார்த்தாலும் நாற்பது ரூபாய், அரை நிமிடம் பார்த்தாலும் நாற்பது ரூபாய். மருத்துவரால் கூட்ட முடிந்தது தலைகளின் எண்ணிக்கையை மட்டுமே. 2025 பிப்ரவரியில் டெல்லி சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை, 2022 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை அங்கு வந்தோரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் மருத்துவரிடம் இருந்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்றது. இதை மருத்துவர்களின் பேராசை என்று ஏசுவது எளிது. கணக்கு போட்டுக் கொடுத்தவர் யார் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. சர்க்கரை நோயாளியின் பாதத்தைப் பார்க்க செருப்பைக் கழற்றச் சொல்வதற்கே ஒரு நிமிடம் ஆகும்.

தரத்துக்குப் பணம் கொடுத்தால்? சாந்திபத்தில் தூதரகம் வைத்திருக்கும் பிரிட்டன் 2004இல் அதைச் செய்து பார்த்தது. இரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற குறியீடுகளுக்குப் புள்ளி, புள்ளிக்குப் பணம். மருத்துவர்கள் புள்ளிகளை அள்ளினர். ஆஸ்துமா, இதய நோய்ச் சிகிச்சைகளில் புள்ளி வைக்காத கூறுகளோ சரிந்தன. ஸ்காட்லாந்து 2016இல் அம்முறையையே கைவிட்டது.

மிஞ்சுவது, எண்ணிக்கைக்கு அன்றிப் பொறுப்புக்குப் பணம் தருவது: இத்தனை குடும்பங்கள் உமது பட்டியலில், ஆண்டுக்கு இவ்வளவு. நோய் கூடியவர்களைக் கைகழுவாதிருக்க, அவர்களுக்குத் தொகையைக் கூட்டவேண்டும்; வேடமிட்ட நோயாளிகளை அவ்வப்போது அனுப்பிச் சோதிக்கவும் வேண்டும். எண்ணிப் பணம் தருவதைவிட இது கடினம், ஆயினும் இதுவே சரியாகத் தோன்றுகிறது. கடினம் எங்கே தொடங்குகிறது என்பதையும் சாணக்யபுரியே காட்டும். தூதரக மதில்களுக்குப் பின்னே சஞ்சய் கேம்ப், விவேகானந்த் கேம்ப் என்னும் குடிசைக் குடியிருப்புகள் உள்ளன. வேலை போனால் ஊர் திரும்பி, மறுபடி வேறு முகவரிக்கு வரும் கூலிக்காரரை எந்த மருத்துவரின் பட்டியலில் எழுதுவது?