அப்பாவின் தாடைக்குக் கீழே

கதிர்வீச்சு முடிந்து நான்காவது மாதம் அப்பாவின் தாடைக்குக் கீழே ஒரு தொங்கல். காலையில் பெரிதாக இருக்கும், மதியத்துக்குள் பாதி வடிந்துவிடும். "படுத்தா ஏறுது, எழுந்தா இறங்குது, அவ்ளோதான்டா" என்பார். எனக்கு ஒரே பயம்: திரும்ப வந்துடுச்சா?

மருத்துவர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு நிணநீர்த் தேக்கம் என்றார். கழுத்துக் கணுக்களை அறுவை சிகிச்சையில் எடுத்தாயிற்று, மிச்சப் பாதைகளைக் கதிர்வீச்சு தழும்பாக்கிவிட்டது. எவ்வளவு நீர் என்று கேட்டேன். பிசியோதெரபிஸ்ட் இன்ச் டேப்பை எடுத்தார். கை வீங்கினால் இன்னொரு கையோடு ஒப்பிடலாம். கழுத்துக்கு இன்னொரு கழுத்து ஏது?

அன்றிரவு தேடிப் படித்தேன். தோலில் ஒரு முனையை வைத்து 300 மெகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, திரும்பி வருவதிலிருந்து டை-எலெக்ட்ரிக் கான்ஸ்டன்டைச் சொல்லும் கருவி இருக்கிறது. காற்றுக்கு 1, தூய நீருக்கு 78 பக்கம். திசுவில் நீர் கூடினால் எண்ணும் கூடும். கல்லூரியில் கெபாசிட்டர் கணக்கில் போட்டுவிட்டு மறந்த அதே எண்! ஆனால் புற்று திரும்பியதா என்பதை அது சொல்லாது. அதற்கு ஸ்கேன்தான். தேதி வாங்கியிருக்கிறோம்.

அதுவரை தினமும் காலை ஆறு மணிக்குத் தாடையடியில் காதுக்குக் காது டேப் வைத்து எக்ஸெலில் ஏற்றுகிறேன். "என்னடா, சட்டை தைக்கப் போறியா?" என்கிறார், கரகரத்த குரலில்.