ஏற இடம் கேட்கும் கொடி

மருதமலை சாலையில் வடவள்ளிக்கு அப்பால் ஒரு நர்சரிக்குள் நுழைந்தேன். பச்சை நிழல்வலைக்குக் கீழே போனதும் வெளியே அடிக்கிற வெயில் மறந்துபோகிறது. குறுக்குக் கம்பிகளில் வரிசையாகத் தொங்கும் தொட்டிகள், எல்லாவற்றிலும் மணி பிளாண்ட். மஞ்சள் தெளித்த கோல்டன், வெள்ளை ஓடிய மார்பிள் குயீன், முழுக்க இளம்பச்சையாக நியான். வீட்டுக்குள் வளர்க்க ஏதாவது கொடுங்கள் என்று கேட்பவர் கையில் கோவையில் முதலில் போய்ச் சேருவது இந்தக் கொடிதான்.

தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அம்மா, நான் இலை அடர்ந்த ஒன்றை நோக்கிக் கை நீட்டியதும் தடுத்தார். "ஏனுங் கண்ணு, எலைய மட்டும் பாத்து எடுக்காத. கணுவப் பாரு" என்றார். கொடியைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு இலைக்காம்பும் தண்டில் சேருமிடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன முட்டு. அதுதான் காற்றில் வெளிவரும் வேர். அது உயிரோடு இருக்கிற கொடி எங்கே வைத்தாலும் பிழைக்கும், காய்ந்து கறுத்திருந்தால் வாங்க வேண்டாம் என்றார். கூடவே இலைக்கக்கத்தில் விரலால் தடவச் சொன்னார். வெள்ளையாகப் பஞ்சுபோல ஒட்டினால் மாவுப்பூச்சி. வீட்டிலிருக்கிற மற்ற செடிகளுக்கும் பரவிவிடும்.

அந்த முட்டைப் பார்த்த பிறகு தொங்கும் தொட்டிகளை முன்போலப் பார்க்க முடியவில்லை. பற்றிக்கொள்ள வேர் விடுகிற செடியை, பற்ற எதுவும் இல்லாத வெறும் காற்றில் தொங்கவிட்டிருக்கிறோம்.

இந்தக் கொடியின் ஊர் பசிபிக் கடலில், பிரெஞ்சுப் பொலினீசியாவின் மோரேயா தீவு. 1880இல் தாவரவியலார் இதை விவரித்தார்கள். பிறகு பேரினம் மாறி மாறி, 1964இல்தான் எபிப்ரெம்னம் ஆரியம் என்ற இன்றைய பெயரில் வந்து நின்றது. பெயர் வைப்பதில் இவ்வளவு குழப்பம் வந்ததற்கு ஒரு காரணம், இது பூப்பது மிக அரிது என்பது. பூவைக் கொண்டுதான் தாவரவியலார் இனம் பிரிப்பார்கள். தானாகப் பூத்ததாகப் பதிவான கடைசி முறையும் 1964தான். ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தயாரிக்க வேண்டிய மரபணு இதில் சரிவர இயங்குவதில்லை என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஹார்மோனை வெளியிலிருந்து தெளித்தபோது செடி பூத்தது. பூவில்லாததால் விதையில்லை. ஆகவே நம் வீடுகளுக்கு வந்த கொடி எல்லாம் யாரோ கணு பார்த்து வெட்டி இன்னொருவருக்குக் கொடுத்ததுதான். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு வாங்கிய துண்டுக்கும் பின்னால் அத்தனை கைகள் இருக்கின்றன.

நர்சரியிலிருந்து நேரே பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அடுக்குமாடியில் மூன்றாவது தளம், மேற்குப் பார்த்த பால்கனி. கோவைக்கு மேற்கே மலைத்தொடரில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. ஆனி, ஆடியில் அந்த வழியாக வருகிற காற்று கொடியில் காயப்போட்ட துணியைப் பிடுங்கிக்கொண்டு போகும். பெரியம்மாவின் பால்கனித் தொட்டியில் இலை ஓரமெல்லாம் பொசுங்கினமாதிரி பழுப்பேறிக் கிடந்தது. மாசி முதல் வைகாசி வரை பிற்பகல் வெயில், அதற்கப்புறம் காற்று. மேற்குப் பால்கனியில் இந்தக் கொடி படுகிற பாடு அது. உள்ளே, கிழக்கு ஜன்னலிலிருந்து இரண்டு முழம் தள்ளி வைத்திருந்த இன்னொன்று செழிப்பாக இருந்தது. கூடத்தின் கோடியில், டிவிக்குப் பக்கத்தில் இருந்த மூன்றாவது சாகவில்லை, ஆனால் இலைக்கும் இலைக்கும் இடைவெளி ஒரு சாண். மஞ்சள் தெளிப்பும் மறைந்து வெறும் பச்சையாகிவிட்டது. இருட்டிலும் வளரும் என்று சொல்லி விற்கிறார்கள். உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதுதான் உண்மை. பகலில் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற இடமாவது இதற்கு வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் கோவைக்காரர்களுக்குத் தனிப் பெருமை உண்டு. சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் அதைக் குடிக்கிற மாதிரியே செடிக்கும் ஊற்றலாம், உப்பு மிகக் குறைவு. பெரியம்மா அதைக் குடத்தில் பிடித்து சமையலுக்கு வைத்துக்கொண்டு, செடிகளுக்கு போர்த் தண்ணி விடுகிறார். மண் தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததும், இலை நுனி காய்ந்ததும் அந்தத் தண்ணியிலுள்ள உப்பால்தான். போர்த் தண்ணிதான் கதி என்றால் மாதம் ஒருமுறை தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், அடித்துளை வழியாக ஓடும்வரை நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையை ஒரு வாளியில் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது. மற்றபடி விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினால் போதும். வீட்டுக்குள் இந்தக் கொடி சாவது பெரும்பாலும் தண்ணீர் அதிகமாகி வேர் அழுகித்தான்.

சமையலறை ஜன்னலில் கண்ணாடிப் பாட்டிலில் ஒன்று. தண்ணீரில் மட்டும் வளர்கிறது. அதைப் பார்த்ததும் என் கவலை செடியை விட்டு வீட்டிலிருப்பவர்கள் மீது போனது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மழைக்காலத்தில் டார்ச் லைட்டோடு வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டையும் மணி பிளாண்ட் பாட்டிலையும் தேடிப் பார்ப்பது அதனால்தான். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பாட்டிலின் உட்சுவரைப் பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதைச் செய்ய நேரமில்லாதவர்கள், வேர் விரல் நீளம் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடட்டும்.

காற்றைச் சுத்தம் செய்யும் என்றுதானே வாங்கினேன் என்றார் பெரியம்மா. 1989இல் நாசா செய்த சோதனையை வைத்துப் பரவிய பேச்சு அது. காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் செய்த சோதனை. ஜன்னல் திறந்த வீட்டில் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடி செய்ய, ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும் என்று 2019இல் வெளியான கணக்கு சொல்கிறது. வளர்க்க வேறு காரணங்கள் தாராளமாக இருக்கின்றன.

இந்தக் கொடியின் உண்மையான உருவம் பார்க்கப் பொள்ளாச்சிக்குப் போக வேண்டும். ஆழியாறு போகிற வழியில் ஒரு தென்னந்தோப்பு. வாய்க்கால் ஓரத்து மரமொன்றில் மணி பிளாண்ட் ஏறியிருந்தது. அடியில் உள்ளங்கையளவு இலை. ஆளுயரத்துக்கு மேலே போகப்போகப் பெருத்து, உச்சிக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றும் முறத்தளவு. ஓரங்களில் கிழிந்ததுபோல வெட்டுகள் விழுந்திருந்தன. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். பெரியம்மா வீட்டு டிவிக்குப் பக்கத்தில் இருப்பதும் இதுவும் ஒரே செடி என்று நம்ப மனம் ஒப்பவில்லை. "மரத்தப் புடிச்சுட்டா எல பெருக்குமுங் அம்முணி. தரைல ஓடுனா சிறுத்துப் போகும்" என்றார் தோப்புக்கார அண்ணன். மேலேற வாய்த்தால்தான் இந்தக் கொடி குழந்தைப் பருவத்தைத் தாண்டும். தொங்குகிற கொடி எத்தனை வருஷம் ஆனாலும் சின்ன இலையோடு நின்றுவிடும்.

அதே தோப்புக்கு அடுத்தாற்போல் ஒரு மஞ்சி மில். மட்டையை அடித்து நாரெடுத்த பின் மிஞ்சும் தூள் குன்றாகக் கிடந்தது. கடைகளில் கோகோபீட் என்று கட்டியாக விற்பது இதைத்தான். தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வேருக்குக் காற்றும் விடும். ஆனால் பச்சைத் தூளை அப்படியே தொட்டியில் போடக் கூடாது; உப்பு இருக்கும், எளிதில் மட்காத லிக்னினும் அதிகம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிற முறையில், ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காத்தால் சுமார் 60 நாளில் மட்கிவிடுகிறது. 112க்கு 1 என்றிருந்த கரிம-தழைச்சத்து விகிதம் 24க்கு 1 என்று இறங்குகிறது. வீட்டுக்கு வேண்டியது ஒரு கைப்பிடிதான் என்பதால், கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்தால் போதும். அது இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு என்று நான் கலக்கிறேன்.

நாரும் அங்கேயே கிடைக்கிறது. ஒரு பிவிசி குழாயைச் சுற்றி நாரைக் கட்டித் தொட்டியின் நடுவில் ஊன்றினால் கொடிக்கு மரம் தயார். கணுவை நாரோடு சேர்த்து வாழைநாரால் தளர்வாகக் கட்ட வேண்டும். இலையையோ காம்பையோ கட்டக் கூடாது. கம்பத்துக்கும் தினம் தண்ணீர் தெளிக்க வேண்டும். காய்ந்த நாரை வேர் பற்றாது.

இதையெல்லாம் பரமத்தி வேலூர்ப் பக்கம் கொடிக்கால் வைத்திருப்பவர்களிடம் சொன்னால் புதிதாக ஒன்றும் இருக்காது. வெற்றிலைக்கு முன்னதாகவே அகத்தியை விதைத்து வளர்த்து, கொடியை அதில் கட்டி ஏற்றுகிறார்கள். கொடி கைக்கு எட்டாத உயரம் போனதும் அவிழ்த்து இறக்கி, இலையில்லாத அடித்தண்டைச் சுருட்டி மண்ணில் புதைத்து, நுனியை மறுபடி ஏற்றுகிறார்கள். புதைந்த கணுவெல்லாம் வேர்விட்டுக் கொடி இளமையாகிறது. கூடத்தில் அடி மொட்டையாகி நுனியில் மட்டும் நாலு இலையோடு நிற்கும் மணி பிளாண்டுக்கும் இதே வைத்தியம்தான். பெரியம்மாவின் டிவி பக்கத்துக் கொடியை அப்படித்தான் சுருட்டிப் புதைத்து, ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்தோம்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளை என்ன செய்வது என்று கேட்டார். வீட்டில் பூனையோ தவழும் குழந்தையோ இருந்தால் எட்டும் இடத்தில் போடக் கூடாது. சாற்றிலுள்ள ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் வாயில் பட்டால் எரிந்து வீங்கும். அதைவிட முக்கியம், மலையடிவாரத்து ஓடைப் பக்கம் கொட்டிவிட்டு வரக் கூடாது. இலங்கையில் கண்டி நகரத்தின் உடவத்தகலே சரணாலயத்தில் இந்தக் கொடி பல ஹெக்டேர் காட்டுத் தரையை மூடி, மரங்களிலும் ஏறி, உள்ளூர்ச் செடிகளை முளைக்க விடாமல் செய்திருக்கிறது. நமக்கு மருதமலையும் சிறுவாணிக் காடும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒரே ஒரு கணு ஈரத்தில் விழுந்தால் போதும். துண்டுகளை மொட்டை மாடி வெயிலில் நொறுங்கும்வரை காயவைத்து, அப்புறம் உரக்குழியில் போடுங்கள். வேர்விட்டதை ஒரு தொட்டியில் நட்டு, கேட்கிற பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.