முதுகில் எழுதிய ஊர்

டில்லிக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கரோல் பாக் புதிய இடமன்று. நம் பெரியவர்களில் பலர் இந்நகரில் முதன்முதலாக அறை பிடித்ததும், காப்பிக் கொட்டைக்கும் புழுங்கலரிசிக்கும் அலைந்ததும் அப்பகுதியில்தான். இன்று அதே தெருக்களுக்கு நம் பிள்ளைகள் வேறு காரியமாகச் செல்கிறார்கள். புல்லட் மோட்டார் சைக்கிளுக்கு வேண்டிய விளக்கு, கண்ணாடி, புகைக்குழாய், பெட்டி ஆகிய அனைத்தும் அங்கே கடை கடையாகத் தொங்குகின்றன.

அந்த வண்டியும் நம்மைப் போலத் தெற்கேயிருந்து வடக்கே வந்ததுதான். இந்திய அரசாங்கம் இராணுவத்திற்காக 350 ஸி.ஸி. புல்லட் வண்டிகள் 800 வேண்டுமென்று கேட்டதும், அதன் பயனாக 1955ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் மதராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்ததும், திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்ததும் பலரும் அறிந்த வரலாறு. நம்மையெல்லாம் 'மதராஸி' என்று தனியே சுட்டிக் காட்டிய காலத்தில், அதே மதராஸிலிருந்து வந்த புல்லட்டை மட்டும் பஞ்சாபியர் தம் வீட்டுப் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டனர்.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் நம் சங்கத்து அன்பர்கள் எழுவர் லே நகரம்வரை மோட்டார் சைக்கிளில் சென்றுவரத் தீர்மானித்தோம். எங்களில் இருவர் ஐம்பதைக் கடந்தவர்கள். ஏனைய ஐவரும் டில்லியிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர்கள். வண்டிகளைச் செப்பனிட்டாயிற்று. கம்பளிகளும் மருந்துகளும் கட்டியாயிற்று. எஞ்சியது ஒன்றுதான்: எங்களுக்கு ஒரு சின்னம் வேண்டும் என்றார்கள் இளைஞர்கள்.

'பேட்ச்' என்று அவர்கள் கூறும் இந்தத் துணிச் சின்னத்தைக் கையில்லாத மேற்சட்டையின் முதுகில் தைத்துக்கொள்வது வழக்கம். கரோல் பாக்கிலேயே ஒரு தையற்காரர் மூன்று நாளில் செய்து கொடுத்தார். மேலே வளைந்த பட்டையில் குழுவின் பெயர். நடுவில், முருகனின் வாகனமாயிற்றே என்று, ஒரு மயில். கீழே வளைந்த பட்டையில் ஊர்ப் பெயர். அந்த ஊர் எது என்பதில்தான் வாக்குவாதம் எழுந்தது. 'மதராஸ்' என்று போட வேண்டுமென்பது எங்கள் இருவரின் எண்ணம். "மாமா, விடுமுறைக்குப் போகும் ஊரை எப்படி முதுகில் எழுதிக்கொள்வது? நாங்கள் டில்லிக்காரர்கள்" என்றார்கள் இளைஞர்கள். அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. 'டில்லி' என்றே தைத்தோம். எங்களில் மிக இளையவன், இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, கடையில் தொங்கிய வைர வடிவச் சின்னம் ஒன்றையும் வாங்கி மார்பில் தைத்துக்கொண்டான். அதில் '1%' என்றிருந்தது. பார்க்க அழகாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் அவனுக்கு இல்லை.

ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரில் கும்பிட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, விடியுமுன் புறப்பட்டோம். முர்த்தலில் பராட்டாவும் வெண்ணெயும் உண்டு, சண்டிகரைத் தாண்டி, பியாஸ் நதியின் கரையோடு ஏறி, மறுநாள் மணாலியை அடைந்தோம். முன்னாளில் அங்கிருந்து ரோதங் கணவாயை ஏறிக் கடந்தே லாஹூலுக்குள் செல்ல வேண்டும். 2020ஆம் ஆண்டு அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது முதல், 9 கிலோமீட்டர் நீளமுள்ள மலைக்குடைவில் நுழைந்து, சில நிமிடங்களில் அப்புறம் வெளிப்பட்டு விடலாம். இப்புறம் தேவதாரு வனம். அப்புறம் மொட்டைப் பாறையும் பனிச் சிகரமும். ஒரு கதவைத் திறந்து வேறொரு தேசத்திற்குள் நுழைந்ததுபோல் இருந்தது.

சந்திரா நதியும் பாகா நதியும் கலக்கும் தாண்டி என்னும் ஊரில் ஒரு பெட்ரோல் நிலையம் இருக்கிறது. அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எழுதிய பலகையால் ஓட்டுநரிடையே பெரும் பெயர் பெற்ற இடம் அது. அங்கே எங்களுக்கு முன்னால் நால்வர் நின்றுகொண்டிருந்தனர். அவர்களில் மூத்தவர் நரைத்த தாடியுடைய சீக்கியப் பெரியவர். அவர்கள் முதுகிலும் மூன்று துண்டுச் சின்னம். அதன் கீழ்ப் பட்டையிலும் 'டில்லி'.

பெரியவர் எங்கள் முதுகை நோக்கினார். பிறகு வைரச் சின்னத்தை நோக்கினார். "தேநீர் அருந்தலாம், வாருங்கள்" என்று அழைத்து உட்கார வைத்து, இந்தியில் மெதுவாகப் பேசலானார். அன்று அவர் கூறியவற்றைப் பின்னர் நாங்களும் படித்து அறிந்துகொண்டோம். நம் வாசகர்களுக்கும் பயன்படும் என்று சுருக்கிச் சொல்கிறோம்.

1947ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதியையொட்டிய விடுமுறையில், அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹாலிஸ்டர் என்னும் சிற்றூரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் பெருந்திரளாகக் கூடினர். குடியும் கூச்சலும் மிகுந்தன. பத்திரிகைகள் அதனைப் பெரிதாக்கின. 1953இல் மார்லன் பிராண்டோ நடித்த 'தி வைல்ட் ஒன்' என்னும் திரைப்படத்திற்கும் அதுவே வித்து. ஓட்டுவோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் சட்டத்திற்கு அடங்கியவர்கள் என்று அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் அப்போது கூறியதாக ஒரு பேச்சு உண்டு. அப்படிக் கூறியதற்குச் சான்று இல்லை என்பது அச்சங்கத்தாரின் வாக்கு. எவ்வாறாயினும், 'எஞ்சிய ஒருவர் நாங்களே' என்று சில கிளப்புகள் அறைகூவின. அவர்கள் அணிந்ததே '1%' என்னும் வைரச் சின்னம். சட்டத்திற்கு அடங்க மாட்டேன் என்பது அதன் பொருள். நம் பிள்ளையோ வருமான வரித்துறை அலுவலர் ஒருவரின் மகன்.

மூன்று துண்டுச் சின்னத்திற்கும் அங்கே ஓர் இலக்கணம் உண்டு. மேற்பட்டை கிளப்பின் பெயர், நடுவில் அதன் உரு, பக்கத்தில் 'எம்.சி.' என்னும் இரண்டெழுத்து. கீழ்ப்பட்டை அந்தக் கிளப் உரிமை கொண்டாடும் ஊர் அல்லது மாநிலம். இதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. புதிதாகச் சேருவோர் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தேர்வுநிலையில் இருந்து, மற்றவர்களின் சம்மதம் பெற்ற பிறகே முழுச் சின்னமும் அணியலாம். விலகினால் சின்னத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அது கிளப்பின் சொத்து. ஏற்கெனவே ஒரு கிளப் உள்ள ஊரின் பெயரைக் கேளாமல் கீழே தைத்துக்கொள்வதை அங்கே அறைகூவலாகவே கொள்வார்கள். அதனால் இரத்தம் சிந்தியதும் உண்டு. நம் நாட்டுக் கிளப்புகளில் அத்தகைய வன்மம் இல்லாவிடினும், இந்தச் சம்பிரதாயத்தைப் போற்றி வருவோர் பலர் இருக்கின்றனர்.

"இந்தக் கீழ்ப்பட்டையை அணிய எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின" என்றார் பெரியவர்.

இளையவனுக்குச் சினம் மூண்டது. "நான் டில்லியில் பிறந்தவன். பிறந்த ஊரின் பெயரை எழுதிக்கொள்ள நான் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? நாங்கள் மதராஸிகள் என்பதால் இப்படிக் கேட்கிறீர்களா?" என்றான்.

நாங்கள் திடுக்கிட்டோம். பெரியவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "என் தந்தை 1947இல் லாயல்பூரிலிருந்து வெறுங்கையோடு டில்லிக்கு வந்தவர். டில்லி உன் ஊர் இல்லை என்று சொல்ல நான் யார், பேட்டா? ஊர் உன்னுடையதுதான். ஆனால் அதை முதுகில் எழுதிவிட்டால், வழியில் நீ செய்வதெல்லாம் டில்லி செய்ததாகும். வழியில் ஒருவன் விழுந்து கிடந்தால், அவனைத் தூக்க வேண்டியவன் நீ. அதற்கு ஆயத்தமா என்றுதான் கேட்டேன்" என்றார். இளையவன் மறுமொழி கூறவில்லை. பெட்ரோல் நிரப்பிக்கொண்டு நாங்கள் முன்னே சென்றோம்.

அன்று நாங்கள் செய்த பெரும் பிழை வேறு. மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ ஓரிரவு தங்கி உடலைப் பழக்கிக்கொண்டு மேலே செல்வதே முறை. விடுமுறை நாட்களை எண்ணிப் பார்த்த நாங்கள், பெரியவர்களாகிய எங்கள் இருவரின் சொற்படியே, ஒரே நாளில் பாராலாச்சா கணவாயையும் தாண்டி, சுமார் 4,290 மீட்டர் உயரத்திலுள்ள சார்ச்சுவின் கூடாரங்களுக்குப் போய்ச் சேர்ந்தோம். நள்ளிரவில் இளையவன் வாந்தி எடுத்தான். தலைவலி தாங்கவில்லை என்றான். சிறிது நேரத்தில் பேச்சும் குழறியது.

அடுத்த கூடாரத்தில் தங்கியிருந்த சீக்கியப் பெரியவர் ஓசை கேட்டு வந்தார். பிள்ளையை எழுப்பி, ஓர் அடிக்குமேல் மறு அடி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். அவனால் முடியவில்லை, பக்கவாட்டில் சாய்ந்தான். "உயரம் மூளையைத் தாக்குகிறது. விடியும்வரை காத்திருக்கலாகாது, இறக்கியாக வேண்டும்" என்றார். சார்ச்சுவில் அகப்பட்டுக்கொள்வதன் கொடுமை அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. இருபுறமும் அதைவிட உயர்ந்த கணவாய்கள். கீழே இறங்குவதற்கும் முதலில் 4,890 மீட்டர் ஏறியாக வேண்டும்.

கூடாரக்காரர் பிராணவாயுக் குழாயையும் தம் ஜீப்பையும் கொடுத்தார். பிள்ளையைப் பின் இருக்கையில் படுக்க வைத்தோம். தலைக்கு வைக்க ஒன்றும் இல்லை. அவனுடைய மேற்சட்டை தரையில் புழுதியில் கிடந்தது. பெரியவர் அதை எடுக்கக் குனிந்தவர், கை நீட்டுமுன் எங்களைப் பார்த்து, "நான் இதைத் தொடலாமா?" என்று கேட்டார். பிறர் அணிந்த சின்னத்தைக் கேளாமல் தொடுவது அவர்கள் முறையில் தவறு. எந்தச் சின்னம் தகாது என்று பகலில் எடுத்துரைத்தாரோ, அதே சின்னத்திற்கு, அந்த வேளையிலும் அவர் அந்த மரியாதையைச் செலுத்தினார். எங்களுக்குப் பேச நா எழவில்லை, தலையசைத்தோம். புழுதியைத் தட்டி, மயில் உட்புறமாக அமையும்படி மடித்து, பிள்ளையின் தலைக்கீழ் வைத்தார்.

மூத்தவர்களாகிய நாங்கள் இருவரும் ஜீப்பில் ஏறினோம். பெரியவரின் தோழர்கள் இருவர் பின்தொடர்ந்தனர். ஒருவர் இளையவனின் வண்டியை ஓட்டினார்; மற்றவர் தம் வண்டியில் வந்தார். பனி உருகி ஓடும் நீரோடைகளை இருளில் கடந்து, சுமார் 100 கிலோமீட்டர் தூரம் கேலாங்வரை வந்தார்கள். பாராலாச்சாவைத் தாண்டி இறங்க இறங்கப் பிள்ளையின் பேச்சுத் தெளிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு அவ்விருவரும் ஒரே வண்டியில் ஏறி மீண்டும் மலைக்குத் திரும்பினர். அவர்களுடைய பிரயாணத்தில் ஒரு நாள் எங்களால் போயிற்று. சின்னத்தைப் பற்றி ஒரு சொல்லும் அவர்கள் பேசவில்லை.

நாங்கள் மூவரும் லேயைப் பார்க்கவில்லை. ஏனைய நால்வர் சார்ச்சுவில் ஒரு நாள் தங்கிப் பெரியவரின் குழுவோடு சேர்ந்து சென்று வந்தனர். கார்துங் கணவாயில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினர். அக்கணவாயின் உயரம் 18,380 அடி என்று நெடுங்காலம் பலகையில் பறைசாற்றப்பட்டது. அளந்து பார்த்தால் ஏறத்தாழ 17,580 அடிதான். படத்தில் இருந்த பலகையிலோ ஊர் ஊரான குழுக்களின் ஒட்டுத்தாள்கள் மண்டிக் கிடந்தன. எங்கள் மயிலையும் ஒட்டுவதற்காக எடுத்துச் சென்றிருந்தார்கள். ஒட்டாமலே திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

டில்லி திரும்பியதும் மீண்டும் கரோல் பாக் சென்றோம். அதே தையற்காரர் கீழ்ப்பட்டையைப் பிரித்தார். வைரச் சின்னத்தை இளையவன் தானே கத்தரித்துக் கொடுத்தான். மயிலை மட்டும் சிறிதாக்கி, குழுவின் பெயரோடு ஒரே துண்டாக, முதுகில் அன்றி மார்பில் தைத்துக்கொண்டோம். ஞாயிறுதோறும் கூடிச் செல்லும் எங்களைப் போன்ற குழுக்களுக்கு அதுவே போதும். ஒரே துண்டுச் சின்னத்தை யாரும் அறைகூவலாகக் கொள்வதில்லை. 'எம்.சி.' என்னும் எழுத்துக்களும், ஊர்ப் பட்டையும், பொருள் தெரியாமல் கடையில் வாங்கும் சின்னங்களும் வேண்டா. இராணுவப் பிரிவுகளின் சின்னங்களை ஒருபோதும் அணிதல் ஆகாது. பிறர் சின்னத்தையும் வண்டியையும் கேளாமல் தொடலாகாது. சாலைப் பலகைகளின் மேல் எதையும் ஒட்டலாகாது. நம் வீட்டுப் பிள்ளைகள் குழு அமைக்க விரும்பினால், அந்நகரில் முன்பே உள்ள குழுவினரைக் கண்டு, இன்னார் என்று சொல்லிவிட்டுத் தொடங்குவது நலம்.

தையல் பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் சில வாரம் தெரிந்துகொண்டிருந்தன. வேறு துணி வைத்து மறைக்கலாமா என்று தையற்காரர் கேட்டதற்கு, "அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டான் இளையவன். "டில்லி எங்கும் ஓடிப்போகாது, மாமா. இன்னும் சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு, அந்தப் பெரியவரிடமே போய்க் கேட்கிறேன்" என்றான்.

அடுத்த முறை ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்குவது என்று எழுவரும் எழுதி வைத்திருக்கிறோம்.