காதா, ஸ்பீக்கரா?

குவாட் ஈஎஸ்எல் ஸ்பீக்கரை முதன்முறை பார்க்கிறவர்கள் அதை ஹீட்டர் என்றுதான் நினைப்பார்கள். பீட்டர் வாக்கரின் வடிவமைப்பில் 1957இல் இங்கிலாந்தின் ஹன்டிங்டனிலிருந்து வந்தது. உள்ளே கூம்பும் இல்லை, காந்தமும் இல்லை. துளையிட்ட இரண்டு தகடுகள், நடுவே தலைமுடியைவிட மெல்லிய சவ்வு. சவ்வில் 6,000 வோல்ட் வரை மின்னூட்டம் நிற்கும். தகடுகளில் இசை மின்னழுத்தமாக ஏறி இறங்க, ஒன்று சவ்வை இழுக்கும், மற்றது தள்ளும். சவ்வோடு காற்றும் அசையும். அவ்வளவுதான்.

சித்தப்பாவிடம் இருப்பது அப்படியொரு சோடி. லண்டனுக்கு வந்து இரண்டு வேலை பார்த்த காலத்தில் பழையதாக வாங்கியது. போன குளிர்காலத்தில் பாட்டுக் கேட்பதையே நிறுத்திவிட்டார்.

"வலப்பக்கம் கேக்கேல்லை. காது போட்டுது, தம்பி. உதுகளை ஆருக்கும் குடுத்துவிடு."

78 வயதுக்காரர் அப்படிச் சொன்னால் வீட்டில் எல்லோரும் நம்பிவிடுகிறோம். டாக்டரிடம் போகவும் மறுத்தார்.

பழுது பார்ப்பதில் முதல் வேலை கழற்றுவது அல்ல, இடம் மாற்றிப் பார்ப்பது. ஸ்பீக்கரைத் தூக்கக்கூடத் தேவைப்படவில்லை. ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டும்படி அவருடைய கதிரையைத் திருப்பி வைத்தேன்.

"இப்ப எந்தக் காது மந்தம்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இடது" என்றார்.

அப்படியென்றால் மந்தம் காதில் இல்லை. வயர்களை மாற்றிக் கொடுத்தேன். அதே ஸ்பீக்கர்தான் மங்கியது, ஆகவே ஆம்ப்ளிஃபயரும் தப்பித்தது. பேனலில் மின்பொறி பறந்தால் டிக் டிக் என்று கேட்கும், இருட்டில் நீலமாகத் தெரியும். அதுவும் இல்லை. மேல்சுரங்கள் மட்டும் மங்கினால் நடுப் பேனலைச் சந்தேகிக்கலாம். இங்கே எல்லாமே மங்கல். மிச்சமிருந்தது மூன்று பேனல்களுக்கும் ஊட்டம் தரும் உயர் மின்னழுத்தப் பெட்டி. சாதாரண மல்டிமீட்டர் இதற்கு உதவாது. அதன் அளவுக்கு மேற்பட்ட வோல்ட், போதாததற்கு இருக்கிற கொஞ்ச மின்னூட்டத்தையும் மீட்டரே உறிஞ்சிவிடும். பிளக்கைப் பிடுங்கினாலும் மின்னூட்டம் உள்ளே நெடுநேரம் தங்கும், கைவைத்தால் அடிக்கும். ஒரு முழு நாள் சும்மா விட்டு, எர்த் தொட்டு வெறுமையாக்கி, இரண்டு பக்கப் பெட்டிகளையும் இடம் மாற்றினேன். மங்கல் இடப்பக்கம் போனது. டயோடும் மின்தேக்கியும் அடுக்கிய சின்னப் பெட்டி. புதிது பூட்டினோம்.

தட்சணாமூர்த்தியின் தவில் போட்டோம், சத்தம் குறைத்துத்தான். கூட்டினால் இந்தச் சவ்வுகள் தாங்காது. வலப்பக்கம் திரும்பி வந்திருந்தது. சித்தப்பாவின் விரல்கள் தொடையில் ஓடின. திடீரென்று நின்றன.

"தாளம் போடுறவர் எங்கை?"

எனக்குத் தாளம் கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தது. நான் பதில் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தார். தானே எழுந்து கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். தலையை இல்லை என்று ஆட்டினார்.

"ரெண்டு காதிலயும் இல்லை" என்றார். கோபம் இல்லை, கணக்குச் சரிபார்த்த குரல். "காதுக்கும் உப்பிடிப் பெட்டி கிடைக்குமெல்லே? டாக்டருக்கு எடுத்துச் சொல்லு."