அப்பாவும் சுட்ட கெராங்கும்

கோலசிலாங்கூர் கெராங் என்றால் அப்பாவுக்குப் பாதிதான் வெந்திருக்க வேண்டும். சிவப்புச் சாறு வடிய வேண்டும். போன வருடம் மஞ்சள் காமாலையில் படுத்தார். ஹெப்படைட்டிஸ் ஏ, கெராங்காக இருக்கலாம் என்றார் டாக்டர். அதன்பிறகு வீட்டில் கரி அடுப்பு என் பொறுப்பு.

தட்டியும் வாய் மூடாத சிப்பி குப்பைக்கு. மற்றவற்றைச் சேறு போகத் தேய்த்துக் கழுவிக் கம்பி வலையில் பரப்புவேன். ஓடு திறந்ததுமே அப்பாவின் கை நீளும். திறந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தமில்லை. உள்சதை 90 டிகிரி சூட்டில் 90 விநாடியாவது இருந்தால்தான் அந்தக் கிருமி சாகும். சதை நன்றாகச் சுருங்கும்வரை நான் விடுவதில்லை.

"எனக்குத்தான் ஒருதடவை வந்துடுச்சே, மறுபடி வராதும்மா" என்றார் போன ஞாயிற்றுக்கிழமை. உண்மைதான். "உங்க தட்டுலேர்ந்துதானேப்பா பாப்பாவும் எடுக்கிறா?" என்றேன். நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு "ரப்பர் மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தபடி, நன்கு சுருங்கியதாகப் பார்த்துச் சம்பலில் லேசாகத் தோய்த்துப் பேத்திக்கு ஊட்டினார்.