படிக்க மட்டும்

பழுதான ஹார்டு டிஸ்க்கோடு வருகிறவரிடம் "என்ன ஆச்சு?" என்று நான் கேட்பதில்லை. "கடைசியா என்ன செஞ்சீங்க?" என்றுதான் கேட்பேன். நான் பார்த்தவரை, கோப்புகள் கோளாறில் போவதைவிட, அதற்குப் பிறகு நல்லெண்ணத்தில் செய்த வேலையில் போவதுதான் அதிகம். "ஃபார்மேட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டிருக்கும், சரி என்று அழுத்தியிருப்பார்கள். இல்லையென்றால் தெரிந்த பையன் யாராவது செக்டிஸ்க் ஓட்டியிருப்பான். செக்டிஸ்க்கின் வேலை கோப்பு அட்டவணையை ஒழுங்குபடுத்துவது. ஒத்துவராத பதிவுகளை அது வெட்டித் தள்ளிவிடும், அதையும் படிக்கவே திணறும் தட்டில் எழுதியே செய்யும்.

என் மேஜைக்கு வந்த டிஸ்க்கில் ஒரு பைட்கூட எழுத விடமாட்டேன். படிப்பதிலும் சிக்கனம் வேண்டும். நிமிடத்துக்கு 7200 சுற்று ஓடும் டிஸ்க்கில் தட்டு நொடிக்கு 120 முறை சுழல்கிறது; படிக்கும் ஹெட் அதற்குச் சில நானோமீட்டர் மேலே மிதக்கிறது. படிக்க முடியாத செக்டார் வந்தால் டிஸ்க் தானாகவே திரும்பத் திரும்ப முயலும். ஒரே செக்டாரில் பல நொடிகள் கரையும். தட்டில் கீறல் இருந்தால், தளர்ந்துபோன ஹெட் அவ்வளவு நேரமும் அந்தக் கீறலின் மேலேயே நிற்கும். இன்னும் எவ்வளவு நேரம் ஓடும் என்று சொல்ல முடியாத டிஸ்க்கிடம் எதை முதலில் கேட்பது? இந்தத் தொழிலின் நுட்பம் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

அந்தோனியோ தியாஸ் தியாஸ் எழுதிய, டிஸ்க்கை நகலெடுக்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரலை நான் மதிப்பது இதற்காகத்தான். நன்றாகப் படிக்கிற பகுதிகளை அது முதலில் அள்ளிக்கொள்ளும். தடங்கல் வந்தால் மல்லுக்கட்டாமல் தாண்டிப் போகும். பிறகு எதிர்த்திசையிலிருந்து வந்து, விட்டுப்போன இடங்களின் ஓரங்களைத் தொடும். செக்டார் செக்டாராகச் சுரண்டுவது கடைசியில்தான். எது வந்தது, எது வரவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், நடுவில் நிறுத்தி, டிஸ்க்கை ஆறவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஸ்டுடியோக்காரர்களுக்கு இந்தப் பொறுமையைச் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டம். "அண்ணே, பார்ட்டிக்கு இன்னும் ஆல்பமே கொடுக்கல. ஒரே ஒரு தடவை திறந்து, கல்யாண ஃபோல்டர் இருக்கான்னு மட்டும் பாருங்க" என்பார்கள். அவர்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. அந்த முகூர்த்தத்தை மறுபடி படம் பிடிக்க முடியாது. ஆனால் ஃபோல்டரைத் திறந்த உடனே விண்டோஸ் ஒவ்வொரு படத்துக்கும் சின்ன முன்னோட்டம் தயாரிக்கத் தொடங்கும். ஹெட் தட்டு முழுக்க அலையும். முழு நகல் முடியும் வரை திறக்க மாட்டேன் என்று சொல்லிவிடுவேன்.

டிஸ்க் டக், டக் என்று சீராக அடித்துக்கொண்டால் இந்த நகலெடுக்கும் முறைக்கே இடமில்லை. உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். பெரும்பாலும் ஹெட் போயிருக்கும். அதே மாடல் டிஸ்க்கிலிருந்து ஹெட்டை எடுத்து, தூசியற்ற அறையில் மாற்ற வேண்டிய வேலை அது. சர்க்யூட் போர்டு போயிருந்தால், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினால் போதும் என்பது பழைய டிஸ்க்குகளுக்குச் சரி. இப்போதைய போர்டுகளில், அந்தந்த டிஸ்க்கின் ஹெட்டுக்கென்றே அளந்து பதிந்த விவரங்கள் ஒரு சிப்பில் இருக்கும். அதையும் பெயர்த்து மாற்றாவிட்டால் புது போர்டு பெரும்பாலும் உதவாது. ஃப்ரீசரில் வைத்துப் பார்க்கச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். வெளியே எடுத்ததும் ஈரம் தட்டில் படியும்.

மீட்பு மென்பொருளெல்லாம் நகலின் மேல்தான். கோப்பு அட்டவணையே அழிந்திருந்தால் ஃபோட்டோரெக் என்ற நிரல் கைகொடுக்கும். ஜேபெக் படங்களின் தொடக்க பைட்டுகள் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைத் தேடி அந்த நிரல் படங்களைப் பொறுக்கி எடுக்கும். ஃபோல்டரும் பெயரும் வராது, எண்கள்தான் வரும்.

பாதிப் படம் வந்து மீதி சாம்பல் பட்டையாக நிற்பதும் உண்டு. அதை வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்த் தானாகக் கண்டுபிடிக்கக் கூடாது. நகலில், படிக்க முடியாத செக்டார்களை மட்டும் ஓர் அடையாள வார்த்தையால் நிரப்புவேன். அட்டவணை தப்பியிருந்தால், அந்த வார்த்தை அகப்படும் கோப்புகளே சேதமானவை. அந்தப் பட்டியலை அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். மீண்ட கோப்புகள் வேறு இரண்டு டிஸ்க்கில் ஏறி, அவர் திறந்து பார்த்துச் சரி என்று சொல்லும் வரை, பழைய டிஸ்க்கைத் தூக்கிப்போட வேண்டாம் என்று சொல்லித்தான் கையில் கொடுப்பேன்.