கடலுக்கு விருந்தாளியாகச் செல்லுமுன்

பவளப்பாறைகளை முக்குளித்துக் காண எங்கள் குடும்பத்தினர் நெடுநாள் ஆசை கொண்டிருந்தோம். எந்தத் தீவு, எந்த விடுதி என்று தேடியபோது எல்லா விளம்பரங்களும் "இயற்கையின் தோழன்" என்றே பேசின. ஆகவே மூன்று கேள்விகளை எழுதி அனுப்பினோம்: கழிவுநீர் எங்கே செல்கிறது? படகின் நங்கூரம் பாறைமீது விழுகிறதா, மிதவையில் கட்டப்படுகிறதா? அக்கடலின் உரிமையாளர்களான ஊர்மக்களுக்கு என்ன கிடைக்கிறது? ஒரு விடுதி கட்டணச் சலுகையை மட்டுமே பதிலாக அனுப்பியது.

இறுதியில் இந்தோனேசியாவின் ராஜா அம்பாட்டிலுள்ள மிசூல் விடுதியைத் தேர்ந்தோம். அது அமைந்துள்ள பட்பிதிம் தீவு, ஒருகாலத்தில் சுறாக்களின் துடுப்பை அறுத்தெடுப்போரின் முகாமாக இருந்தது. 2005இல் ஊர்மக்களோடு ஒப்பந்தம் செய்யப்பட்டு, சுற்றியுள்ள கடலில் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. இன்று சுமார் 1,220 சதுர கிலோமீட்டர் பரப்பை உள்ளூர்க் காவலர்கள் படகில் ரோந்து சென்று காக்கின்றனர்.

கட்டணமோ எங்கள் கைக்கு எட்டாதது. அருகிலேயே மலிவான விடுதிக்கு இவ்வாண்டே போகலாம் என்று பிள்ளைகள் வாதிட்டனர். காவற்படகின் செலவும் அக்கட்டணத்தில் அடங்கும் என்பதை விளக்கினோம். இரண்டாண்டுகள் சேமித்துச் செல்வதென முடிவாயிற்று, இன்ஷா அல்லாஹ்.

பயணம் திட்டமிடும் அன்பர்களே, முன்பணம் செலுத்துமுன் அம்மூன்று கேள்விகளையும் கேளுங்கள். கடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் காணச் செல்வோருக்கும் அதில் பொறுப்புண்டு.